வெளியே ஒரு மாடிப்படி

“மாடி எவ்வளவு பெரிசா வேணாலும் கட்டிக்கட்டும் மேடம். எனக்கு அதுல வருத்தமே இல்ல. படியை மட்டும் வெளியில வைக்க விடாதீங்க.”

நகரமைப்பு அதிகாரி நிமிர்ந்து பார்த்தாள். எதிரே உட்கார்ந்திருந்த பெரியவரின் மடியில் அவளுடைய அலுவலகம் வெளியிட்ட வடிவமைப்பு வழிகாட்டி இருந்தது. அதை அச்சுக் கோத்தவரைத் தவிர வேறு யாரும் முழுசாகப் படித்திருக்க மாட்டார்கள் என்பது அவள் எண்ணம். இவர் ஓரத்தை மடக்கி அடையாளம் வேறு வைத்திருந்தார்.

கட்டட அனுமதி கேட்டு ஒரு மனு வந்தால், பின்னாலேயே ஓர் ஆட்சேபணையும் வரும். பக்கத்து வீட்டுக்காரர்களின் வயிற்றெரிச்சலுக்கென்றே அவள் அறையில் தனி அலமாரி ஒன்று உண்டு. காற்று வராது என்பார்கள், வெளிச்சம் போய்விடும் என்பார்கள். கிளறிப் பார்த்தால் என்றைக்கோ வண்டி நிறுத்தியதில் வந்த சண்டையாக இருக்கும். அதனால் இவர் யாரென்றுகூட அவள் கேட்கவில்லை.

மனுவிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. கொடுத்த இளைஞன் மரியாதையானவன். இருக்கிற வீட்டுக்கு மேல் ஒரு மாடி, ஏறிப்போக வாசலை ஒட்டி ஒரு படி, அவ்வளவுதான். இன்று அவள் கையெழுத்துப் போட்டால் நாளைக்கே கொத்தனார் வந்து இறங்கிவிடுவார்.

பெரியவர் மடக்கிய பக்கத்தைப் பிரித்து நீட்டினார். தெருவைப் பார்த்து வெளிப்படி வைப்பதைக் கூடுமானவரை தவிர்க்க வேண்டும் என்று அதில் இருந்தது.

“கூடுமானவரைன்னுதான் போட்டிருக்கு. வைக்கவே கூடாதுன்னு இல்லையே” என்றாள்.

“உள்ளேயே வைக்கலாம் மேடம். கூடத்துல இடது பக்கம் தாராளமா இடம் இருக்கு. துணி அலமாரியைக் கொஞ்சம் நகர்த்தினாப் போதும்.”

அடுத்த வீட்டுத் துணி அலமாரி வரைக்கும் எட்டிப் பார்த்திருக்கிறாரே என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டுத்தானே ஆக வேண்டும். படியால் காற்று அடைபடுமா என்றாள். இல்லை என்றார். ஏறுகிறவர்கள் கண்ணுக்கு உங்கள் சமையலறை தெரியுமா என்றாள். தெரியாது என்றார்.

“சரி, நேரங்கெட்ட நேரத்துல ஏறி இறங்குற சத்தம்?”

“சத்தம் கேட்டா நல்லதுதான் மேடம்.”

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். இந்த ஆட்சேபணையை அலமாரியில் எந்தத் தட்டில் வைப்பதென்று தெரியவில்லை. கடைசியாக, அந்த மனு கொடுத்த பையனோடு பேச்சுவார்த்தை உண்டா என்று கேட்டாள். கொஞ்ச நாளாக இல்லை என்று மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அப்படிச் சொல்லுங்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். விஷயம் பிடிபட்டுவிட்டது.

“உங்க மனஸ்தாபத்துக்கெல்லாம் இந்தப் புத்தகத்துல விதி இல்லைங்க” என்று சொல்லிவிட்டு, கோப்பை இழுத்துக் கையெழுத்துப் போடப் போனாள்.

பெரியவர் சட்டென்று எழுந்து கோப்பின் மேல் கையை வைத்துவிட்டார். அவளுடைய இத்தனை வருஷ உத்தியோகத்தில் யாரும் அப்படிச் செய்ததில்லை. கையை எடுக்கச் சொல்ல வாயெடுத்தவள், அவர் கண் கலங்கியிருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

“படி வெளியில இருந்தா உங்களுக்கு என்னதாங்க நஷ்டம்?”

“உள்ள இருந்தா, ஏறும்போதும் இறங்கும்போதும் என் மகன் என் முகத்தைப் பார்த்துத்தானே ஆகணும்.”