தம்பி சொன்ன ஆறு நம்பர்

"உள்ளே போறதுக்கான ஆறு நம்பர் கோடு உங்க தம்பி போனுக்குத்தான் போகுமாம். கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்!"

பூட்டுக்காரர் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார். யார் வீட்டுப் பூட்டையும் ஐந்து நிமிடத்தில் திறந்துவிடுகிற மனிதர், மனைவி மடியிலிருந்த கம்ப்யூட்டரைப் பார்த்துத் திருதிருவென்று முழித்தார்.

"என்ன கோடு? அது ஏன் அவன் போனுக்குப் போகுது?"

"ஆன்லைன் தையல் வகுப்புக்குள்ள விருந்தினரா போகணும்னா மெயில் அட்ரஸ் குடுக்கணும். நம்ம மெயிலை அன்னிக்கு ஆரம்பிச்சுக் குடுத்தது யாரு? உங்க தம்பி. அவர் நம்பர்தான் அதுல இருக்கு. ரெண்டு நிமிஷத்துல கோடு காலாவதியாயிடும். முதல் வகுப்பைத் தவறவிட்டா சேர்த்துக்க மாட்டாங்க."

"நீயே கேளு."

"பட்டனை அழுத்தியாச்சு. நான் இதை விட்டு நகரக் கூடாதாம்."

பூட்டுக்காரர் கையைப் பிசைந்தார். தம்பி அடுத்த தெருவில்தான் இருந்தான். மூன்று வருடமாக இருவருக்கும் பேச்சு இல்லை. எல்லாம் ஓர் ஏணியால் வந்த வினை. தம்பிக்கு இரவலாகப் போன ஏணி ஒன்பது படியோடு திரும்பி வந்தது. "பத்து இருந்துது" என்றார் இவர். "எப்பவும் ஒன்பதுதான்" என்று சாதித்தான் அவன். அன்றோடு சரி. தம்பி வீட்டைக் கடக்கும்போதெல்லாம் இவர் எதிர்ப்பக்கம் பார்த்து நடப்பார். அப்படி நடந்து ஒரு நாள் விளக்குக் கம்பத்தில் மோதி நெற்றி வீங்கியதுதான் மிச்சம். அவன் இல்லாமல் மனசு வெறிச்சென்றுதான் கிடந்தது. ஆனால் முதலில் பேச மானம் இடம் கொடுக்கவில்லை.

"நான் அவன்கூடப் பேச மாட்டேன்."

"யார் பேசச் சொன்னா? நம்பரை மட்டும் வாங்குங்க. ஒரு நிமிஷம் போயிடுச்சு!"

போன் போட்டார்.

"நம்பர்" என்றார்.

"அண்ணா? எந்த நம்பர்?"

"உன் போனுக்கு ஒரு கோடு வந்திருக்கும். ஆறு நம்பர். அதை மட்டும் சொல்லு. வேற ஒரு வார்த்தை பேசினா வச்சிருவேன்."

அந்தப் பக்கம் போனைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு, "நாலு, ரெண்டு, ஒன்பது, ஒன்பது, மூணு, எட்டு" என்றான்.

ஒன்பதை இரண்டு தடவை சொன்னதில் ஏதாவது குத்தல் இருக்குமோ என்று பூட்டுக்காரருக்குச் சந்தேகம். அதற்குள் அவர் திருப்பிச் சொன்ன நம்பரை மனைவி தட்டி முடித்துவிட்டாள்.

"உள்ளே போயிட்டேன்!"

இதோடு தொல்லை விட்டது என்று நினைத்தார். மறுநாள் ஆறு மணிக்கு மறுபடி கூப்பிட்டாள். விருந்தினருக்குத் தினமும் புதுக் கோடாம். பன்னிரண்டு நாள் வகுப்பு.

மூன்றாம் நாள் தம்பி நம்பருக்கு நடுவே இருமினான்.

"மூணாவது என்னடா? நம்பரா, இருமலா?"

"இருமல்ண்ணா. மூணாவது ஏழு."

"மருந்து ஏதாவது சாப்பிட்டியா?" என்று கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். "இது கோடுல சேர்த்தி இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஆறாம் நாள் தம்பி, "இருண்ணா, யோசிக்... கண்ணாடியைப் போட்டுப் பாக்குறேன்" என்று இழுத்துவிட்டுச் சொன்னான். எழுதிக்கொண்டே வந்தவர் துள்ளினார்.

"டேய்! கடைசி நாலும் அப்பாவோட ஸ்கூட்டர் நம்பர்டா!"

"அட, ஆமாண்ணா!"

"இது எப்படிடா கம்ப்யூட்டருக்குத் தெரியும்?"

இருவரும் அந்த அதிசயத்தைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினார்கள். ஸ்கூட்டரை வாய்க்காலில் இறக்கிய கதையும் வந்தது. இரண்டு நிமிடக் கோடு பதினைந்து நிமிடம் கழித்துச் சொல்லியும் செல்லுபடியானது அவருக்கு உறைக்கவே இல்லை. மனைவியும் அவசரப்படுத்தவில்லை.

பத்தாம் நாளிலிருந்து மணி ஐந்தே முக்காலுக்கே போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பன்னிரண்டாம் நாளோடு வகுப்பு முடிந்தது. அடுத்த நாள் மாலை கம்ப்யூட்டர் மூடிக் கிடந்தது. மனைவி சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். மணி ஆறானதும் பூட்டுக்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் பார்க்காத நேரமாகப் பார்த்துப் போன் போட்டார். என்ன பேசுவது என்று தெரியாமல், பழக்க தோஷத்தில், "நம்பர்" என்றார்.

"எழுதிக்கோண்ணா. ஆறு, ஒண்ணு, எட்டு, அஞ்சு, ரெண்டு, ஏழு."

பூட்டுக்காரர் எழுதிவிட்டார். எழுதிய பிறகுதான் பேனா நின்றது.

"டேய், வகுப்பு நேத்தே முடிஞ்சுபோச்சு. உன் குரலைக் கேக்கணும் போல இருந்துது, சும்மா போன் பண்ணேன். இன்னிக்கு உனக்கு எப்படிடா கோடு வந்துது?"



"என்னிக்குண்ணா வந்துது? ஒரு நாளும் வரலை. வரலைன்னு சொன்னா வச்சிருவியே! அதான் வாய்க்கு வந்த ஆறு நம்பரைச் சொன்னேன். அது எப்படி தினம் சரியாப் போச்சுன்னுதான் எனக்கும் புரியலை."

பூட்டுக்காரர் போனைக் காதோடு வைத்தபடியே மனைவி பக்கம் திரும்பினார்.

"அப்ப நீ பன்னிரண்டு நாளா எதைப் போட்டு உள்ளே போனே?"

அவள் பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள்.

"அதுக்குப் பூட்டே கிடையாதுங்க. மெயில் அட்ரஸைப் போட்டா முதல் நாள்லேருந்தே தானாத்தான் திறந்துக்குது."