நேரான கேரட்

மாவுச் சல்லடையில் மூன்று முறை சலித்த மண்ணில், பெயின்ட் வாளிகளில் பிலோமினா வளர்த்த கேரட்டுகள் பென்சில் மாதிரி நேராக இருந்தன. மாடித்தோட்டப் போட்டிக்கு வந்த நடுவர், அவள் பிடுங்கிக் காட்டிய ஒன்றைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“கடையில வாங்கிச் சொருகி வச்சிருக்கீங்க. வீட்ல இவ்வளவு நேரா வருமா?”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “மண்ணுல ஒரு கல்லு கிடையாது சார், அதான் நேரா வந்திருக்கு. நீங்களே புடுங்கிப் பாருங்க!”

கடைசியிலிருந்த குட்டை வாளியில் அவர் ஒன்றைப் பிடுங்கினார். அது அடியில் இரண்டாகப் பிரிந்து கோணியிருந்தது. அவர் முகம் மலர்ந்தது.

“இதாம்மா நீங்க நிஜமா வளர்த்தது.”

அதற்கு மட்டும் மதிப்பெண் போட்டுவிட்டு, பக்கத்துத் தொட்டியைப் பார்க்கக் குனிந்தார். பிலோமினா குட்டை வாளிக்குள் கையை விட்டு, மண் ஒழுகாமலிருக்க அடி ஓட்டையின் மேல் தானே வைத்து மறந்த கல்லை எடுத்தாள். உள்ளங்கைக்குக் கச்சிதமாக இருந்தது. அவர் இன்னும் நிமிரவில்லை.