ஆறு மணி லாரி

"கேமே ஓடக்கூடாதுன்னு விண்டோஸை எடுத்துட்டு லினக்ஸ் போடச் சொன்னது நீங்கதானே மாஸ்டர்? இப்ப ஓடியே ஆகணும்னா எப்படி?"

கம்ப்யூட்டர் மெக்கானிக் சிரித்துக்கொண்டேதான் கேட்டான். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் சிரிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து இருபது.

"ஆறு மணிக்குள்ள ஓடணும் தம்பி. முந்தாநாள் காலையில ஏதோ அப்டேட்னு வந்துச்சு. சரின்னு ஒரு தட்டு தட்டிட்டேன். அதுலேருந்து கேமைத் திறந்தா திரை கறுப்பாவே நிக்குது."

"பையன் ஊர்லேருந்து வந்திருக்கானா?"

"இல்ல. நான்தான் விளையாடறேன்."

மெக்கானிக்கின் கை அப்படியே நின்றது. கார் ஓட்டக் கற்றுக்கொண்டபோது, கிளட்சிலிருந்து காலைச் சீக்கிரம் எடுத்துவிட்டான் என்பதற்காக அவனை நடுரோட்டில் இறக்கி, வீடுவரை நடக்கவிட்ட மனிதர் இவர். இவராவது, கேமாவது!

மகனின் அறை அது. கட்டில் விரிப்பு கசங்காமல் இருந்தது. மேசைமேல் இருந்த கீபோர்டில் இரண்டு பொத்தான்களைக் காணோம். பக்கத்தில் ஒரு நோட்டு. லினக்ஸில் என்னென்ன தட்ட வேண்டும் என்று, புள்ளி கோடு விடாமல், மாஸ்டர் எழுத்தெழுத்தாக அதில் எழுதி வைத்திருந்தார்.

"இவ்வளவும் நீங்களா கத்துக்கிட்டீங்க?"

"இதுல கேமை ஓட வைக்கவே எனக்கு மூணு மாசம் ஆச்சு. பையன் ஒரே வாரத்துல ஓட வச்சான். அது எவ்வளவு பெரிய வேலைன்னு அன்னைக்கு எனக்குப் புரியல. பரீட்சை நேரத்துல என்னையே ஏமாத்திட்டானேன்னு மட்டும்தான் தோணுச்சு. கீபோர்டைப் பிடுங்கித் தரையில அடிச்சேன்." பொத்தான் போன இடத்தை விரலால் தடவினார். "அவனையும் அடிச்சேன். அம்மா இல்லாத பிள்ளை."

"லினக்ஸ்ல கேம் ஓடாதுன்னு உங்களுக்குச் சொன்னதே நான்தானே மாஸ்டர்."

"நீ என்ன பண்ணுவே? கை என்னோடது. கடைசிப் பரீட்சை முடிஞ்ச அன்னைக்கே கிளம்பிட்டான். ரெண்டு வருஷம் ஆச்சு. எங்கேயோ வேலை பார்க்கறான். நான் போன் பண்ணினா எடுக்க மாட்டான்."

மெக்கானிக் கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டான். மாஸ்டர் தானாகவே பேச ஆரம்பித்தார்.

"கேம்ல அவனுக்கு என்ன பேருன்னு எனக்குத் தெரியும். வேற பேர்ல உள்ள போனேன். காலேஜ்ல படிக்கிற பையன்னு சொல்லி அவனோட சேர்ந்துக்கிட்டேன். லாரி ஓட்டற கேம் தம்பி. ரெண்டு லாரியில சரக்கு ஏத்திக்கிட்டு, தினம் ஆறுலேருந்து ஏழு வரைக்கும் ஒண்ணாப் போவோம். எழுதி எழுதிப் பேசிக்குவோம். வேலை கிடைச்சதையும் சொன்னான், காய்ச்சல்ல படுத்ததையும் சொன்னான்."

"அவனுக்குச் சந்தேகமே வரலையா?"

"எங்கேருந்து வரும்? என்னை மச்சிங்கறான். நானும் பல்லைக் கடிச்சுக்கிட்டு மச்சின்னுதான் எழுதறேன். வேற வழி?"

மெக்கானிக்குக்குச் சிரிப்பு முட்டியது. மாஸ்டரின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

"அந்த கேம்ல எல்லாரும் கண்ணு மண்ணு தெரியாம ஓட்டுவாங்களே?"

"எவன் எப்படி ஓட்டினா எனக்கென்ன? நான் சிக்னல்ல நின்னுதான் போவேன். முன்னாடி போனாலும், நான் வர்ற வரைக்கும் அவன் ஓரங்கட்டிக் காத்திருப்பான்." மாஸ்டரின் குரலில் பெருமை எட்டிப் பார்த்தது.

"பேசாம, நான்தான்டா உங்க அப்பான்னு சொல்லிடுங்களேன்."

"ஐயோ, வேணாம். உங்க அப்பா எப்படி இருக்கார்னு ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். பதிலே எழுதல. அன்னைக்கு ஏழு மணிக்கு முன்னாடியே போயிட்டான். உண்மையைச் சொன்னா மறுநாள்லேருந்து வரவே மாட்டான். இப்ப ஒரு மணி நேரமாவது என்கூட வர்றான் தம்பி. ரெண்டு நாளா நான் போகல. இந்த மச்சி சொல்லாம கொள்ளாம விட்டுட்டுப் போயிட்டான்னு நெனைச்சு, வேற யாரோடயாவது சேர்ந்துட்டான்னா?"

மெக்கானிக் திரையில் ஓடிய வரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். புது அப்டேட்டுக்கும் திரையில் படம் காட்டும் அந்தப் பழைய கிராபிக்ஸ் கார்டுக்கும் ஒத்துப்போகவில்லை என்று கண்டுபிடித்துவிட்டான். நல்லவேளையாக, லினக்ஸ் பழையதைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கும். லினக்ஸின் அடிப்பகுதியான கெர்னலில், அப்டேட்டுக்கு முந்தையதைத் தேர்ந்தெடுத்து அதிலேயே கம்ப்யூட்டரைக் கிளப்பினான்.

ஐந்து ஐம்பத்தெட்டுக்குத் திரையில் லாரி வந்து நின்றது. மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். நண்பர்கள் பட்டியலில் ஒரே ஒரு பெயர். அவன் வந்தால் அது பச்சையாகும்.

ஆறு ஆனது. ஆறேகால் ஆனது. பெயர் சாம்பல் நிறத்திலேயே கிடந்தது.

"அவ்வளவுதான். போயிட்டான்." மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். தலையில் இடி விழுந்தாலும் கலங்காத மனிதர் என்றுதான் மெக்கானிக் இத்தனை நாளும் நினைத்திருந்தான்.

அப்போதுதான் திரையின் மூலையில் இருந்த சின்னக் குறியைக் கவனித்தான்.

"மாஸ்டர், மத்தியானம் உங்களுக்கு ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கான்."

"இனிமே வரமாட்டேன்னுதான் எழுதியிருப்பான். நீயே படி தம்பி. எனக்குத் தெம்பு இல்ல."

மெக்கானிக் உரக்கப் படித்தான்.

"சிக்னல்ல நின்னு போற உங்க லாரியை ரெண்டு நாளா காணோம். போன் பண்ணிக் கேக்கவும் பயமா இருக்கு. லீவு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன், ராத்திரிக்குள்ள வீட்டுக்கு வந்துடுவேன். உடம்புக்கு ஒண்ணும் இல்லையே, அப்பா?"