அண்ணன் பக்கத்துச் சுவர்

"இதை இடிக்க விட்டுடாதீங்க சார்!" அண்ணன் வீட்டுச் சுவரைத் தடவித் தடவி அழுதார் தம்பி. "சாயங்காலமானா ஊரே கூடின கூடம் சார் இது. ஊர்ல பாதிக் கல்யாணம் இங்க உக்காந்து பேசி முடிச்சதுதான்."

தம்பியின் மனுவைப் பார்த்துவிட்டு வந்த புராதனக் கட்டட அதிகாரி, நெற்றியைத் தேய்த்துக்கொண்டே தலையாட்டினார். சற்று முன் தம்பி வீட்டில் காபி குடிக்க நுழைந்தபோது வாசல் நிலையில் நங்கென்று தலையை இடித்துக்கொண்டார். அண்ணன் வீட்டுக்குள் நிமிர்ந்தபடியே வந்துவிட்டார்.

கூடத்தின் நடுவே சுவர் எழுப்பி அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டு வெகுகாலம் ஆகிறது. இப்போது கடை கட்ட இடம் தேடி வந்த முதலாளி ஒருவர், ஒரு பாதி போதும் என்று அண்ணன் பாதியை விலை பேசி வைத்துவிட்டார். தம்பிக்கு வயிறு பற்றி எரிந்தது.

அண்ணன் பாதியைப் புராதனச் சின்னமாக அறிவித்துவிட்டால் யாரும் அதைத் தொட முடியாது. முதலாளி அப்புறம் தன் வாசலுக்குத்தானே வந்தாக வேண்டும்? ஊர்ப் பெருமைக்காக இவ்வளவு கண்ணீர் விட தம்பிக்கென்ன பைத்தியமா!

அண்ணனோ அதிகாரிக்கு ஏணிகூடப் பிடித்தார்.

"நல்லாச் சுரண்டிப் பாருங்க சார்," என்று தம்பி அவசரப்படுத்தினார்.

அதிகாரி அண்ணன் சுவரைச் சுரண்டினார். தம்பி வீட்டுக்கும் போய்ச் சுரண்டிவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தார்.

"நீங்க சொன்னது நூத்துக்கு நூறு உண்மை சார். பழைய சுண்ணாம்புச் சுவர் அப்படியே இருக்கு. புராதனச் சின்னம்னு இன்னிக்கே எழுதிடறேன்."

தம்பி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மனசுல வெச்சுக்காதண்ணே. ஊர்ச் சொத்து பாரு, நாம என்ன பண்ண முடியும்?"

"இவர்கிட்ட ஏன் சொல்றீங்க?" என்றார் அதிகாரி. "பழசு உங்க பாதிதான். இவர் பக்கம் பூராவும் சிமெண்ட்."

தம்பி சுவரிலிருந்து கையை எடுத்தார். "அது... அது எப்படி?"

"ஒரு மழைக்கு இந்தப் பக்கம் இடிஞ்சு விழுந்து, அப்பா புதுசாக் கட்டினாரு. நீ அப்போ தொட்டில்ல கிடந்தே," என்ற அண்ணன், ஏணியை எடுத்து ஓரமாகச் சாய்த்தார்.

"இனிமே உன் வீட்ல ஒரு ஆணி அடிக்கணும்னாலும் சாரைக் கேட்டுட்டு அடிப்பா."