தோசைக்கு ஊற்றிய எண்ணெய்

"இந்தப் புட்டி தீர்ற வரைக்கும் பொறுங்க!" பிள்ளை உண்டாக டாக்டர் கொடுத்த விட்டமின் எண்ணெயைக் காட்டிக் கெஞ்சினாள் தெய்வானை.

"நாட்டுக்கு மெர்டேக்கா, சுதந்திரமே வந்திருச்சு. உன் வயித்துல ஒரு புழு பூச்சி வரல. எதைக் குடிச்சு என்ன?" என்றாள் மாமியார்.

காஜா பெராங் தெரு வீட்டு வாசலில், கழுத்து மாலையைக்கூடக் கழற்றாமல், புதுப்பெண் கோகிலாவோடு நின்றான் அவள் கணவன் அப்பாசாமி.

"பெட்டியைக் கட்டு," என்றான், தெய்வானையின் முகம் பாராமல்.

அழுதாள். காலைப் பிடித்தாள். அவன் மசியவில்லை.

கடைசியில் கோகிலாவை அடுப்படிக்கு இழுத்துப்போய், புட்டியைக் கையில் திணித்தாள்.

"நானும் குடிக்கணுமா, அக்கா?"

"நீ குடிச்சு என்னடி ஆகப்போவுது? நெய்னு சொல்லி அவர் தோசையில ஊத்து. கல்லுல ஊத்தாத, சூட்டுல சத்து போயிடும். எனக்குக் குறை இல்லைன்னு டாக்டர் சொன்னது அவருக்குத் தெரிய வேணாம், தாங்கமாட்டார்."