சுண்டெலி வரைந்த நாய்

இருட்டிய பிறகு கதவுப் பக்கம் ‘சர்ர்… சர்ர்…’ என்று என்னவோ உரசியது. சுண்டெலி எட்டிப் பார்ப்பதற்குள் பூனையின் கால் ஒன்று கதவிடுக்கில் நுழைந்துவிட்டது. அந்தக் கால் இருக்கும்வரை தாழ்ப்பாள் போட முடியாது. உள்ளே ஆறு குட்டிகள் தூங்கிக்கொண்டிருந்தன.

சுண்டெலிக்குத் தெரிந்த ஒரே வேலை டேப்லெட்டில் படம் வரைவது. பளபளவென்று, ரோமம் ரோமமாக ஒரு நாயை வரைந்து இடுக்கில் காட்டினாள்.

பூனை கொட்டாவி விட்டது. “இதே நாயை மூணு வளையில பாத்துட்டேம்மா. எல்லாரும் ஒரே பிரஷ்ஷையா டவுன்லோட் பண்றீங்க?”

அவசரமாகப் பெரிய பெரிய கண்கள் வைத்து இன்னொரு நாய் வரைந்தாள்.

“ஐயோ, செல்லம்! பிஸ்கட் போடலாம் போலிருக்கே!” பூனை இரண்டாவது காலையும் நுழைத்தது.

வழக்கமாக ஒரு கோட்டுக்கு நாற்பது தடவை ‘அன்டூ’ அழுத்துகிறவள் சுண்டெலி. இப்போது அதற்கெல்லாம் ஏது நேரம்? நடுங்கிய கோட்டை நடுங்கியபடியே விட்டுவிட்டு, வரைந்ததை நீட்டினாள். பல், நாக்கு, தொண்டைக்குள் இருட்டு, அவ்வளவுதான்.

பூனை படத்தை உற்றுப் பார்த்தது.

“வாலைக் காணோமே?”

“நான் இருந்த எடத்துலேர்ந்து வால் தெரியலை அண்ணே.”

“எங்க இருந்தே?”

“வாய்க்குள்ள. நேத்து சாயங்காலம், இதே தெருவுலதான்.”

பூனை இரண்டு கால்களையும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு தெருவைத் திரும்பிப் பார்த்தது. சுண்டெலி கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டாள்.