கோரை மூடிய தோணி

அன்று சங்கரன்கோவில் வீட்டில் இருந்தவர்கள்: ஜெயசிங் அண்ணாச்சி, பாக்கியம் மதினி, அவர்கள் மகள், நான். மகளுக்கு நிச்சயதார்த்தம். ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. சிவகிரி மாப்பிள்ளை வீட்டார் வாத்துக்கறி கேட்டிருந்தார்கள்.

கரையில் ஆளைக் கண்டால் காட்டுவாத்து பறந்துவிடும். அதனால் அண்ணாச்சி துப்பாக்கியோடு வீட்டிலேயே தோணியில் படுத்துக்கொள்வார். நான் கோரைப்புல்லால் மூடி, மாட்டு வண்டியில் ஏற்றிப்போவேன். அன்றும் அப்படியே அவர் படுத்திருந்த தோணியைக் குளத்தில் தள்ளிவிட்டு, வண்டியை நேராக வீட்டுக்கு விட்டேன்.

வாசலில் அண்ணாச்சி சலவை வேட்டியில் நின்றார். "ஏலே காசி, எங்கன போன? பந்தக்காலை இறுக்கிக் கட்டுலே."

குளத்துப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. "எவனோ சுடுதான்" என்றார்.

மாப்பிள்ளை வீட்டார் வந்து, அண்ணாச்சி அவர்களோடு முன்கட்டில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தபோது, பின்வாசலுக்கும் அண்ணாச்சி வந்தார். தலையெல்லாம் கோரை. கை நிறைய வாத்துகள்.

மதினி முன்கட்டை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு வாத்துகளை வாங்கி என்னிடம் தந்தாள். "சீக்கிரம் இறகைப் பறி, காசி."

"பசிக்கி, பாக்கியம்" என்றார் அவர்.

"கறி வெந்ததும் கொண்டாரேன். விசேஷம் முடியட்டும். அதுவரைக்கும் தோணிக் கொட்டகையில இருங்க."

அவர் குனிந்து கொட்டகைக்குள் போனார். மதினி கதவைச் சாத்திப் பூட்டினாள்.